கண்ணுக்குத் தெரியாத வெயில்

குடிநீரைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் மேல் 'யு.வி.' என்று பொறித்திருப்பதைக் கண்டு நம்பிக்கையோடு அதை வாங்குகிற ஒருவர், அதே எழுத்துகளைத் தாங்கிய முகப்பூச்சையும் கறுப்புக் கண்ணாடியையும் அக்கதிரிடமிருந்து தப்புவதற்காகவே வாங்க நேரும்போது, ஒரே வஸ்து ரட்சகனாகவும் சத்துருவாகவும் இருத்தல் எவ்வாறு சாத்தியம் என்று ஐயுறுவாராயின், அந்த ஐயம் மிகவும் நியாயமானது. நூல்களில் புற ஊதா என்றும் கடைவீதியில் யு.வி. என்றும் வழங்கும் இதைப் பற்றி நாம் பேசுகிற அளவுக்கு அறிந்துகொள்ள முற்படவில்லை என்பதே என் எண்ணம்.

இக்கதிரைக் கண்டறிந்தவர் ஜெர்மனி தேசத்து யேனா நகரில் வாழ்ந்த யோஹான் வில்ஹெல்ம் ரிட்டர். இளமையில் மருந்துக் கடையில் தொழில் பயின்ற அவருக்கு, 1801-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இதைக் கண்டபோது 25 வயதுகூட நிறையவில்லை. அதற்கு முந்தின ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகத்தால் சூரிய ஒளியை வர்ணங்களாகப் பிரித்து, சிவப்புக்கு வெளியே ஒளியே காணாத இடத்தில் வெப்பமானியை வைத்தபோது, அங்கும் உஷ்ணம் ஏறக் கண்டிருந்தார். அச்செய்தியைக் கேள்வியுற்ற ரிட்டர், இயற்கையில் எதற்கும் ஓர் எதிர்த்துருவம் உண்டு என்னும் கொள்கையில் அசையாத பற்றுடையவராதலால், சிவப்புக்கு அப்பால் ஒன்று இருக்குமாயின் ஊதாவுக்கு அப்பாலும் ஒன்று இருந்தே தீரவேண்டும் என்று துணிந்தார். ஒளி பட்டால் கறுக்கும் வெள்ளி குளோரைடைத் தாளில் தடவி வர்ணப்பட்டையில் பிடித்தார். ஊதா விழுந்த இடத்தைக் காட்டிலும், அதைத் தாண்டி இருளாகத் தோன்றிய இடமே அதிகமாகக் கறுத்தது. அவருடைய துருவக் கொள்கையை இன்றைய விஞ்ஞானம் பிரமாணமாக ஏற்காது. ஆயினும் கொள்கையோடு நின்றுவிடாமல் தாளையும் உப்பையும் எடுத்துச் சோதித்துப் பார்த்தாரே, அந்தச் சிரத்தையைப் போற்றாதிருக்க என்னால் இயலாது. வறுமையிலும் நோயிலும் நலிந்து, 1810-ல், 33 வயதில் அவர் காலமானார்.

அந்தத் தாளில் நிகழ்ந்ததே இக்கதிரின் சுபாவம் முழுவதையும் சொல்லிவிடுகிறது. நாம் காணும் ஒளியும் இதுவும் ஒரே இனந்தான். அலைநீளம் மட்டுமே வேறு. ஊதா ஏறத்தாழ 400 நானோமீட்டரில் முடிய, அதற்குக் கீழே 100 வரையில் உள்ளவை புற ஊதாக் கதிர்கள். அலை குறுகக் குறுக அது சுமக்கும் சக்தி மிகுவதால், தான் பட்ட பொருளின் மூலக்கூறுகளில் உள்ள பிணைப்புகளை அறுக்கவும் மாற்றியமைக்கவும் வல்லதாகிறது. அது செய்யும் காரியம் அந்த ஒன்றே. நன்மையென்றும் தீமையென்றும் நாம் பெயரிடுவது, அக்காரியம் எங்கே, எவ்வளவு நிகழ்கிறது என்பதைக் கொண்டுதான். கிருமியின் மரபுப் பொருளைச் சிதைக்கும்போது, அக்கிருமி பெருக மாட்டாமல் ஒழிந்து நீர் குடிக்கத் தக்கதாகிறது. நம் சருமத்து அணுக்களின் மரபுப் பொருளை அளவு மீறிச் சிதைக்கும்போது, தோல் கன்றுவதும், பல்லாண்டு கழித்துப் புற்றுநோய் தோன்றுவதும் நேரக்கூடும். அதே சருமத்தில் மிதமாகப் பட்டு, அங்குள்ள கொழுப்பினப் பொருள் ஒன்றை மாற்றும்போது வைட்டமின் டி உண்டாகிறது. எலும்பு வளைந்த குழந்தைகளைப் பாதரச விளக்கின் ஒளியில் வைத்துக் குணப்படுத்தலாம் என்று 1919-ல் பெர்லின் மருத்துவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி நிரூபித்தது இவ்வழியில்தான்.

விஞ்ஞானிகள் இக்கதிரை ஏ, பி, சி என மூன்றாக வகுப்பார்கள். மிகக் கடுமையான சி வகை முழுவதையும், பி வகையின் பெரும்பங்கையும் வானத்து ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. ஆகவே சுத்திகரிப்பு இயந்திரத்தில் எரியும் பாதரச விளக்கு, சூரியன் இப்பூமியின் தரைக்கு அனுப்பாத 254 நானோமீட்டர்க் கதிரைத் தருவதாகும். இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அவ்விளக்கில் நாம் காணும் ஊதா நிறப் பிரகாசம் அக்கதிர் அன்று. கதிரோடு கூடப் பிறக்கும் சாதாரண ஒளியே அது. நாட்பட்ட விளக்கு பார்வைக்கு முன்போலவே பிரகாசித்துக்கொண்டிருக்க, கிருமியைக் கொல்லும் கதிர் மட்டும் குன்றிப் போயிருக்கலாம். விளக்கு எரிகிறதே என்று திருப்தியடையாமல், குறித்த தவணையில் அதை மாற்றுவதே விவேகம். கலங்கிய நீரில் கிருமிகள் துகள்களின் மறைவில் தப்பிவிடும் என்பதையும், கரைந்த உப்பை இக்கதிர் தீண்டாது என்பதையும் விளம்பரங்கள் எடுத்துச் சொல்வதில்லை; சொல்ல வேண்டும்.

கண் விஷயத்தில் இந்த அறியாமை இன்னும் அபாயமானது. கண்ணாடியின் கறுப்புக்கும் புற ஊதாவைத் தடுக்கும் ஆற்றலுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. தடுக்கும் சக்தியில்லாத வெறுங்கறுப்புக் கண்ணாடியை அணிந்தால், மங்கிய ஒளிக்கு இசைந்து கருமணி விரிய, கதிர் முன்னிலும் தாராளமாக உள்ளே புகுந்துவிடும். வெல்டிங் பட்டறையின் வாசலில் நின்று, இதே கதிரை உமிழும் சுடரை வேடிக்கை பார்க்கும் சிறுவனுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் சென்று, இரவில், கண்ணில் மணல் அள்ளிப் போட்டாற்போன்ற வேதனையோடு அவன் அழும்போதுதான் வீட்டார் திகைப்பார்கள்.

பட்டறை நடத்தும் அன்பர்கள் தெருவை நோக்கி ஒரு மறைப்புத் தட்டி வைக்கட்டும். தொழிலாளிக்கு உரிய முகக்கவசம் இல்லாமல் சுடரை ஏற்ற அனுமதிக்க வேண்டாம். கண்ணாடி வாங்குவோர் நிறத்தைக் கேளாமல், 'யு.வி. 400' என்னும் உறுதி உண்டா என்று கேட்டு, நம்பத் தகுந்த கடையில் வாங்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.