ஐரோப்பாவுக்கு ஓட்டு, மேக்ரானுக்கு வேட்டு!

புதுச்சேரியிலும் காரைக்காலிலும் "சொல்தா" வீடு என்றால் எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் வீடு. பிரெஞ்சு குடியுரிமை உள்ள இந்தத் தமிழர்களுக்கு ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலிலும் ஓட்டு உண்டு!

"அது எங்கேயோ இருக்கு. யார் ஜெயிச்சா நமக்கென்ன?" என்று கேட்கலாம். பிரான்சிலேயே பலர் அப்படித்தான் நினைத்தார்கள். 2024 ஜூன் 9-ந்தேதி அந்த நினைப்பு பொய்த்தது.

ஒரே ராத்திரி

27 நாடுகள் சேர்ந்த அந்தச் சபையில் மொத்தம் 720 இடம். பிரான்சுக்கு 81. மரீன் லெ பென்னின் தேசியப் பேரணி கட்சி 31 சதவீத ஓட்டு வாங்கி 30 இடங்களைப் பிடித்தது. ஜனாதிபதி மேக்ரான் அணிக்கு 13 தான். பாதி கூட இல்லை!

அன்று இரவே மேக்ரான் டெலிவிஷனில் தோன்றினார். உள்நாட்டுப் பாராளுமன்றத்தைக் கலைப்பதாக அறிவித்தார். அதற்கு இன்னும் 3 ஆண்டு ஆயுள் இருந்தது. சொந்தக் கட்சிக்காரர்களே ஆடிப் போனார்கள்.

கணக்கு மாறியது

ஐரோப்பியத் தேர்தலில் பிரான்சு முழுவதும் ஒரே தொகுதி. கட்சிப் பட்டியலுக்குத்தான் ஓட்டு. 5 சதவீதம் எட்டினால் ஓட்டுக்கு ஏற்ற இடம். ஆளுங்கட்சி தலையில் ஒரு குட்டு வைக்க ரொம்ப வசதி!

உள்நாட்டுத் தேர்தலோ வேறு. 577 தொகுதி. இரண்டு சுற்று. ஜூன் 30 முதல் சுற்றில் லெ பென் அணியே முதலிடம். உடனே இடதுசாரிகளும் மேக்ரான் அணியும் விழித்துக் கொண்டனர். ஓட்டு சிதறாமல் இருக்க, 200-க்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் வாபஸ் ஆனார்கள். ஜூலை 7-ல் லெ பென் அணி மூன்றாவது இடத்துக்குப் போனது. இடதுசாரிகள் முதலிடம். ஆனால் மெஜாரிட்டிக்கு வேண்டிய 289 யாருக்கும் இல்லை!

கவிழ்ந்தது, கவிழ்ந்தது

அப்புறம் எந்த மந்திரிசபை நிற்கும்? 2024 டிசம்பரில் பார்னியே மந்திரிசபை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் கவிழ்ந்தது. 1962-க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. 2025 செப்டம்பரில் பய்ரூ மந்திரிசபையும் நம்பிக்கை ஓட்டில் தோற்றது.

இரண்டுக்கும் காரணம் பட்ஜெட் சண்டை. பய்ரூ திட்டத்தில் 2026-ல் பென்ஷனை உயர்த்தாமல் நிறுத்தி வைப்பதும் இருந்தது. பென்ஷன் என்றால் சொல்தா வீட்டிலும் காதைத் தீட்டிக் கொண்டுதானே கேட்பார்கள்?

தூரத்துச் சபைக்குத்தானே என்று போட்ட ஓட்டு, வீட்டு அடுப்பு வரை வந்து விட்டது. அடுத்த ஐரோப்பியத் தேர்தல் 2029-ல். "எங்கேயோ இருக்கு" என்று அப்போதும் சொல்வார்களா?