ஆள் குறைந்த ஒவ்வொரு ஷிஃப்டையும் எழுதுங்கள்



ஒன்ராறியோ முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்யும் நமக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்டத்தில் இடமில்லை. பேச்சுவார்த்தை முறிந்தால் நடுவர் தீர்ப்புத்தான். அந்த மேசையில் நம் களைப்பு செல்லுபடியாகாது, ஆதாரம் வேண்டும்.

2020 மே மாதம் நினைவிருக்கிறதா? கொரோனாவில் நிலைகுலைந்த இல்லங்களுக்குள் அனுப்பப்பட்ட இராணுவத்தினர் கண்டதைக் கண்டபடி எழுதினார்கள்: கரப்பான் பூச்சிகள், மாற்றாமல் கிடந்த டயப்பர்கள், அழுது கூப்பிட்டும் ஆள் வராத படுக்கைகள். அறிக்கை வெளிவந்ததும் சில இல்லங்களின் நிர்வாகத்தை மாகாண அரசே கையில் எடுத்தது. நாம் வருடக்கணக்கில் வாயால் சொன்னபோது யாரும் அசையவில்லை.

2021இல் புதிய சட்டம் வந்தது. முதியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரி 4 மணி நேர நேரடிப் பராமரிப்பு, 2025 மார்ச் 31க்குள் என்றார்கள். ஆனால் அது மாகாணம் முழுவதற்குமான சராசரி. உங்கள் தளத்துக்கு இன்றிரவு இருவர் வராவிட்டால் அந்தக் கணக்கில் ஒன்றும் தெரியாது. தெரிவது உடம்புகளில்தான். வாரத்துக்கு இரண்டு குளிப்பாட்டலில் ஒன்று ஈரத்துணியால் துடைப்பதோடு முடிகிறது. முதியவரைத் தூக்க இருவர் நின்று இயக்கவேண்டிய லிஃப்டை ஒருத்தி தனியே இயக்குகிறாள். அவளது முதுகும் தூக்கப்படும் அம்மாவின் இடுப்பும் கடவுள் விட்ட வழி. விழுங்கச் சிரமப்படுபவரின் வாய்க்கு அவசரமாகக் கரண்டி போகிறது. புரட்டிப் படுக்கவைக்காத உடம்பில் புண் வைக்கிறது. மறதிநோயில் பயந்து கை ஓங்குபவரை முரடர் என்று குறித்துவிட்டு அடுத்த அறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. இதைப் பராமரிப்பு என்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்!

ஆகவே, ஷிஃப்ட் முடிந்து கோட்டை மாட்டுமுன் ஒரு படிவத்தில் எழுதுங்கள். திகதி, தளம், எத்தனை முதியவர்களுக்கு எத்தனை பராமரிப்புப் பணியாளர்கள் (பிஎஸ்டபிள்யூ), எந்த வேலை நடக்கவில்லை. முதியவர்களின் பெயர் மட்டும் வேண்டாம், அது அவர்களது அந்தரங்கம். ஒரு பிரதி நிர்வாகத்துக்கு, ஒரு பிரதி தொழிற்சங்கத்துக்கு. அமைச்சின் பரிசோதகரிடம் உண்மை சொன்னவரைப் பழிவாங்கக்கூடாது என்று சட்டமே சொல்கிறது, பயப்படாதீர்கள்.

முதியவர்களின் பிள்ளைகள் பார்க்க வரும்போது, குடும்பத்தினர் சேர்ந்து பேசும் குடும்ப மன்றத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அந்த மன்றம் எழுப்பும் கவலைக்கு 10 நாட்களுக்குள் நிர்வாகம் எழுத்தில் பதில் தரவேண்டும். ஏஜென்சியிலிருந்து வரும் தங்கச்சியை ஒதுக்காதீர்கள், அவளும் அதே லிஃப்டைத்தான் தனியே பிடிக்கிறாள். அவள் கையிலும் ஒரு படிவத்தைக் கொடுங்கள்.

இன்றிரவு ஷிஃப்டிலேயே தொடங்குங்கள். நிரப்பிய படிவங்களோடு அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள்!