பரம்பரையலகு மாறினால் பரம்பரை வருத்தமா?



கொழும்புத்துறையில் ஒரு அம்மா. கணவர் 2009இல் காணாமல் போனவர். வலிப்பு வந்த 31 வயது மகனுக்குக் கொழும்பில் மூளைக்கட்டிச் சத்திரசிகிச்சை நடந்தது. கட்டியைப் பரிசோதித்த அறிக்கையை அவர் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தார். அதைக் காட்டப் பயந்து இரண்டு தடவை கிளினிக்குக்கும் போகவில்லை.

அறிக்கையை வாசித்த அயலவர் 'பரம்பரையலகு மாற்றம்' என்று சொன்னாராம். "உன்ரை பக்கத்து வருத்தம்" என்றார் மாமி. மகளுக்குப் பேசிய சம்பந்தமும் நின்றுபோனது.

"செல்லிலை பிழையாம் தங்கச்சி. அண்டைக்கு வளவுக்குள்ளை விழுந்த செல்லாலையோ?" என்று என்னிடம் கேட்டார். பள்ளிக்கூடத்தில் நாங்கள் 'கலம்' என்று படித்ததைத் தொலைக்காட்சியில் 'செல்' என்கிறார்கள். பதுங்குகுழியில் இருந்த எங்களுக்கு வேறு எந்தச் செல் நினைவுக்கு வரும்?

நான் மருத்துவம் படித்தவள் அல்ல. வைத்தியரிடம் கேட்டு விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன். வாழ்நாளில் எப்போதோ மூளையின் ஒரு கலத்தில் பிழை விழுகிறது. அந்தக் கலம் பெருகிக் கட்டியாகிறது. பிழை கட்டிக்குள் மட்டுமே இருக்கும். பெற்றோர் கொடுத்ததல்ல, தங்கைக்கும் வராது. பிறப்பிலேயே வரும் குறைபாட்டால் மூளைக்கட்டி உண்டாவது மிகச் சிலருக்குத்தான். தோலில் பால்கோப்பி நிறப் புள்ளிகள் பல இருந்தாலோ, குடும்பத்தில் இளவயதிலேயே பலருக்குப் புற்றுநோய் வந்திருந்தாலோ வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இந்த மகனின் அறிக்கையில் இருந்தது 'ஐ.டி.எச்.1' மாற்றம். மூளைக்கட்டிகளில் இதை 2008இல்தான் கண்டுபிடித்தார்கள். மாறிய புரதத்தில் மட்டும் ஒட்டும் பதார்த்தத்தைக் கட்டியின் மெல்லிய சீவலில் இட்டுச் சாயம் ஏற்றினால் கபில நிறம் தெரியும். நுணுக்குக்காட்டியில் ஒன்றுபோலத் தெரியும் கட்டிகள் இப்படித்தான் பிரித்தறியப்படுகின்றன. 2016இலிருந்து உலக சுகாதார நிறுவனமும் இவற்றைச் சேர்த்தே கட்டிக்குப் பெயர் வைக்கிறது. இந்த மாற்றம் உள்ள கட்டி, அது இல்லாததைவிடப் பொதுவாக மெதுவாக வளரும். 1ஆம், 19ஆம் நிறமூர்த்தங்களின் பகுதிகள் சேர்ந்து இழக்கப்பட்டிருந்தால், கதிர்ச் சிகிச்சைக்கும் மருந்துக்கும் கட்டி கூடுதலாக இணங்கும். ஆகவே அம்மா பயந்து ஒளித்த கடதாசிதான் வைத்தியருக்கு முதலில் வேண்டியது.

மகன் சுகமாகிவிடுவான் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை. பானையிலிருந்து எடுத்து, அரிசித் தூசி தட்டி, கிளினிக் கொப்பிக்குள் வைத்தோம். தெல்லிப்பழைக்குப் போகும்போது மாமியையும் கூட்டிப் போவோம் என்றேன்.

"அவ வருவாவோ?" என்றார்.

"அப்பம்மாவை நான் கேக்கிறன்" என்றாள் மகள், அடுப்படியில் இருந்தபடி.