யாரைக் கேட்டு எழுதிய பட்டியல்?

எண்ணுக்குச் சாதி கிடையாது, கணக்குக்கு நிறம் கிடையாது என்று நம் படிப்பு வட்டங்களிலேயே சிலர் சொல்கிறார்கள். தரவு வந்துவிட்டால் போதும், நியாயம் தானாகப் பின்னால் வருமாம். அந்தத் தோழர்களுக்காக, போராட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாததுபோலத் தோன்றும் ஒரு விஷயத்தை எழுதுகிறேன். அமெரிக்க வானொலிகளில் இந்த வாரம் அதிகம் ஒலித்த பாடல் எது என்று ஒரு பட்டியல் வருமே, அதை அந்தக் காலத்தில் எப்படித் தயாரித்தார்கள்?

ஆளிடம் கேட்டுத்தான்.

பில்போர்டு பத்திரிகை 1945-இல் வானொலியில் அதிகம் ஒலித்த இசைத்தட்டுகளுக்கென்று ஒரு பட்டியல் போடத் தொடங்கியது. ஒலிபரப்பைக் கேட்டு எண்ண எந்த இயந்திரமும் கிடையாது. சில நிலையங்களைத் தேர்ந்தெடுத்து, "இந்த வாரம் எதை அதிகம் போட்டீர்கள்?" என்று கேட்பார்கள். அவர்கள் சொன்னதுதான் கணக்கு. பின்னாளில் நிலையங்களுக்கு எடையும் போட்டார்கள். 1973-இல் தொடங்கிய 'ரேடியோ அண்ட் ரெக்கார்ட்ஸ்' பத்திரிகை, நகரத்தின் அளவைப் பார்த்து நிலையங்களை மூன்று படிகளாகவே பிரித்து வைத்திருந்தது. கேட்கப்படாத நிலையம் ஒரு பாட்டை நாள் முழுக்கப் போட்டாலும், பட்டியலைப் பொறுத்தவரை அந்தப் பாட்டு ஒலிக்கவே இல்லை.

அப்படியானால் கறுப்பின மக்கள் கேட்ட பாட்டு எங்கே போனது? அதற்குத் தனி இடம் இருந்தது. 1942-இல் 'ஹார்லெம் ஹிட் பரேட்' என்று ஒரு பட்டியல் போட்டார்கள். நியூயார்க்கின் ஒரே ஒரு பகுதியில் இருந்த சில கடைகளின் விற்பனையை வைத்துக்கொண்டு, நாடு முழுவதும் வாழ்ந்த ஒரு மக்களின் ரசனையை அளந்தார்கள். 1945-இல் அதற்கு 'ரேஸ்' பட்டியல் என்று பெயர், அதாவது இனப் பட்டியல். 1949-இல் 'ரிதம் அண்ட் புளூஸ்' ஆனது. 1969-இல் 'சோல்', 1982-இல் 'பிளாக்', 1990-இல் மறுபடியும் 'ஆர் அண்ட் பி'. பெயரை மாற்றிவிட்டால் மரியாதை கொடுத்ததாக ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. நமக்கு வைத்த பெயர்கள் உங்களுக்கு நினைவிருக்கும்.

எதிர்ப்பக்கம் இருந்த பட்டியலுக்கு மட்டும் 'வெள்ளையர் பட்டியல்' என்று யாரும் பெயர் வைக்கவில்லை. அது 'பாப்', எல்லோருக்கும் பிடித்தது, பொது. சேரியில் இருப்பவர் "ஊருக்குள்ள போயிட்டு வரேன்" என்று சொல்வாரே, அந்த ஊர் போலத்தான் இந்தப் பொதுவும்.

இதனால் யாருக்கு என்ன நட்டம்? 1955-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேட்ஸ் டொமினோ என்ற கறுப்பினப் பாடகர் 'எய்ன்ட் தட் எ ஷேம்' பாடுகிறார். ஆர் அண்ட் பி பட்டியலில் 11 வாரம் முதலிடம். பாட்டு பிடித்துப்போனதும் பாட் பூன் என்ற வெள்ளையர் அதையே பாடி வெளியிடுகிறார். பாப் பக்கத்தில் பூன் முதலிடம் வரை போகிறார், டொமினோ 10-ஆம் இடத்தோடு நிற்கிறார். லிட்டில் ரிச்சர்டின் 'டூட்டி ஃப்ரூட்டி'க்கும் இதே கதிதான். பாப் பட்டியலில் நகல் 12, அசல் 17. வெள்ளைக் குடும்பங்களுக்கான நிலையங்கள் நகலைத்தான் விரும்பிப் போட்டன. அப்படிப்பட்ட நிலையங்களைக் கேட்டுத்தான் பாப் பட்டியல் எழுதினார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்து அடுத்த நிலையம் பாட்டைத் தேர்ந்தெடுத்தது, கடைக்காரர் சரக்கு வாங்கினார். பாகுபாடு உள்ளே போய், எண்ணாக வெளியே வந்தது.

காசு விளையாடியதும் உண்டு. 1959-60இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தபோது, இசைத்தட்டு நிறுவனங்கள் வானொலி அறிவிப்பாளர்களுக்குப் பணம் கொடுத்துப் பாட்டைப் போடவைத்தது அம்பலமானது. அதில் பெரிய அடி வாங்கியவர் ஆலன் ஃப்ரீட். வெள்ளையர்தான். ஆனால் நகலைத் தள்ளிவிட்டு, கறுப்பினப் பாடகர்களின் அசலையே போட்டவர். வேலை போனது, 1962-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 300 டாலர் அபராதம் கட்டினார். அவரைத் தியாகியாக்க வேண்டாம். சக் பெர்ரி எழுதிய 'மேபலீன்' பாட்டில் தன் பெயரையும் சேர்த்துப் பங்கு வாங்கியவர்தான் அவர். 1980-களில் லஞ்சம் இன்னும் நேர்த்தியானது. பாட்டைப் போடக்கூட வேண்டாம், போட்டதாக அறிக்கையில் எழுதினால் போதும். அதற்கு அந்தத் தொழிலில் ஒரு பெயரே இருந்தது: காகிதச் சேர்ப்பு.

என்னை அதிகம் உறுத்துவது இந்த ஊழல் அல்ல, நல்லெண்ணம்போலத் தெரிந்த ஒரு முடிவு. 1963 நவம்பர் இறுதியில் பில்போர்டு ஆர் அண்ட் பி பட்டியலையே நிறுத்தியது. கறுப்பினப் பாடகர்கள் பாப் பட்டியலில் நிறைய வருகிறார்கள், இரண்டும் ஒன்றுபோல ஆகிவிட்டன, இனி எதற்குத் தனி என்பதுதான் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். "இப்ப யாருங்க சாதி பாக்குறா?" என்ற குரல் காதில் விழுகிறதா? 1965 ஜனவரி இறுதி வரை, 14 மாதம் அந்தப் பட்டியல் இல்லை. 1964 ஜூலையில் குடியுரிமைச் சட்டம் கையெழுத்தானபோது, கறுப்பின மக்கள் அந்த வாரம் எதைக் கேட்டார்கள் என்பதற்கு அந்தப் பத்திரிகையில் ஒரு வரிகூடக் கிடையாது.

தனிப் பட்டியலே அவமானம், ஒழிந்தது நல்லதுதானே என்று கேட்கலாம். இனம் என்று முத்திரை குத்தியது அவமானம்தான். ஆனால் கறுப்பினக் கேட்பாளரின் சொல்லுக்கு எடை இருந்த ஒரே இடமும் அதுதான். அதை எடுத்த பிறகு பாடகருக்கு இடம் கிடைத்தது, கேட்பாளருக்குக் கிடைக்கவில்லை. பாடுபவர் கறுப்பர், தீர்ப்புச் சொல்பவர் வெள்ளையர். 1932-இல் பூனாவில் நடந்தது நமக்குத் தெரியும். தனி வாக்காளர் தொகுதி போனது, தனித்தொகுதி வந்தது. வேட்பாளர் நம்மவர், வெற்றியை முடிவு செய்வது ஊர். பாட்டுப் பட்டியலும் அரசியல் உரிமையும் ஒன்றல்ல, ஆனால் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிக் குரலை எடுத்துவிடும் உத்தி இரண்டிலும் ஒன்றுதான்.

1991-இல் கணினி வந்தது. மே மாதம் முதல் இசைத்தொகுப்பு விற்பனையைக் கடைக்காரரின் வாய்ச்சொல்லுக்குப் பதிலாகக் கல்லாவில் பதியும் பட்டைக் குறியீட்டை வைத்து எண்ணினார்கள். ஜூனிலேயே, வானொலிகள் தொடப் பயந்த ராப் குழுவான என்.டபிள்யூ.ஏ.யின் தொகுப்பு இரண்டாம் இடத்தில் நுழைந்து, அடுத்த வாரம் முதலிடத்துக்கு வந்தது. அந்த மக்கள் திடீரென்று ஜூன் மாதம் பிறந்துவிடவில்லை. செப்டம்பரில் கார்த் புரூக்ஸின் நாட்டுப்புற 'கன்ட்ரி' தொகுப்பு நேராக முதலிடத்தில் நுழைந்தது. பழைய கணக்கு கிராமத்து வெள்ளையரையும் குறைத்தே எண்ணியிருக்கிறது. நவம்பர் இறுதியில், நிலையங்களின் ஒலிபரப்பை இயந்திரமே கேட்டு அடையாளம் காணும் முறை முதன்மைப் பட்டியலுக்கு வந்தது.

இயந்திரம் வந்ததால் தீர்ந்ததா? எந்த நிலையத்தைக் கேட்க வேண்டும், எந்தப் பாட்டு எந்தப் பெட்டிக்குள் என்று சொல்வது இன்றும் மனிதர்கள்தான். 1966-இல் சார்லி பிரைட் என்ற கறுப்பினக் கன்ட்ரி பாடகரின் முதல் இசைத்தட்டுகளை, அவர் படம் இல்லாமலேயே வானொலி நிலையங்களுக்கு அனுப்பினார்கள். முகம் தெரிந்தால் போடமாட்டார்கள் என்ற பயம். 53 ஆண்டு கழித்து, 2019 மார்ச்சில், லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் 'ஓல்ட் டவுன் ரோட்' பாட்டைக் கன்ட்ரி பட்டியலிலிருந்து பில்போர்டு எடுத்தது. கன்ட்ரி இசைக்குரிய கூறுகள் போதவில்லை என்றார்கள். இனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார்கள். அதே பாட்டு முதன்மைப் பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் இருந்தது.