நீண்டாலும் செய்தி சேர வேண்டும்

ஊரில் தனியாக இருக்கும் தாய் தந்தையரைப் பற்றிய கவலை இல்லாத வீடு நம் சங்கத்தில் எத்தனை இருக்கும்? அப்பாவின் நாடித்துடிப்பைத் தில்லியில் இருந்தபடியே அறிய, மார்பில் ஒட்டிக்கொள்ளும் கருவி ஒன்று இருந்தால் நிம்மதிதான்.

அத்தகைய கருவி செய்தி அனுப்ப ஆன்டெனா வேண்டும். மெல்லிய செப்புத் தகடு, உடல் அசைய அசைய மடங்கி நாளடைவில் விரிசல் விடும். இதற்கு மாற்றாக, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2009-இல் கேலியமும் இண்டியமும் கலந்த திரவ உலோகத்தைச் சிலிகோன் ரப்பருக்குள் அடைத்து ஆன்டெனா செய்தனர். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். 2014-இல் அங்கேயே வெள்ளி நுண்கம்பிகளைக் கொண்டும் செய்து காட்டினர்.

பாராட்ட வேண்டியதே. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. புல்லாங்குழல் நீளமானால் சுருதி இறங்குவது போல, ஆன்டெனா நீண்டால் அதன் அலைவரிசை இறங்கும். குறித்த அலைவரிசையில் அனுப்பும் வலிமை குன்றும். போதாததற்கு, நீர் மிகுந்த நம் உடலும் ரேடியோ அலைகளை உறிஞ்சும்.

ஆகவே, எவ்வளவு நீளும் என்று மட்டும் சொல்லி விற்கக் கூடாது. வியர்த்த உடம்பில், குனிந்து நிமிரும்போதும் செய்தி சேருகிறதா என்பதைச் சோதித்துச் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து. வாங்கும் நாமும் அதைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று: ஊரில் பக்கத்து வீட்டாரின் தொலைபேசி எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். செய்தி தில்லிக்கு வந்துவிடும். ஓடிப்போய்க் கதவைத் தட்ட அவர்தான் வேண்டும்.