சாலை வழியே பெங்களூர்

ராமாபுரத்திலும் அதனை அடுத்த ஊர்களிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் பெங்களூருக்குப் போகாதவர் அரியர். ஆயினும் பெங்களூரைக் கண்டவர் யாவர் என்று வினவினால் விடை கூறுதல் எளிதன்று. ஆஸ்பத்திரிக்குச் சென்றவர் ஆஸ்பத்திரியைக் கண்டார். திருமணத்திற்குச் சென்றவர் மண்டபத்தையும் இலையையும் கண்டார். வேலைக்கு நேர்முகம் சென்ற இளைஞர் ஏதோவொரு கட்டடத்தின் ஏழாம் மாடியைக் கண்டு திரும்பினார். ஊரைப் பார்ப்பதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கிக் குடும்ப சகிதமாகச் சென்றோம் என்று சொல்வோர் மிகச் சிலரே. அத்தகைய முதற் பயணத்தைச் சாலை வழியே மேற்கொள்ளுமாறு அன்பர்களை இத்திங்கள் வேண்டிக்கொள்கிறோம்.

இருப்புப்பாதையின் உப்பைத் தின்றுகொண்டே சாலையைப் புகழலாமா என்று சிலர் நகைக்கக்கூடும். 1880களின் தொடக்கத்தில் மைசூர் சமஸ்தானம் அமைத்த அப்பாதைக்கு ஒரு குறையும் கூறோம். அவசரத்துக்கும் சிக்கனத்துக்கும் அதுவே இன்றும் உத்தமம். ஆனால் ரயில் நம்மை ஜன்னலோரத்தில் அமர்த்திவிட்டுத் தன் போக்கில் போய்விடுகிறது. நினைத்த இடத்தில் நிற்பதற்கு அபாயச் சங்கிலியைத்தான் இழுக்க வேண்டும். அதற்குரிய அபராதம் நாம் அறிந்ததே.

நம்மவர் சாலையைத் தவிர்ப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணை 1991 டிசம்பரில் அரசிதழில் வெளியானபோது மூண்ட கலவரத்தைக் கண்ணாரக் கண்ட முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். 12-9-2016 அன்று பெங்களூரில் தமிழகப் பதிவெண் கொண்ட பேருந்துகள் வரிசையாக எரிந்ததை இளையோரும் அறிவர். மண்டியாவை இருட்டிலேயே கடந்துவிடு என்பது பல வீடுகளில் இன்றும் வழங்கும் புத்திமதி. எங்கள் இல்லத்து மூதாட்டியார் தஞ்சைக் கடைமடையில் பிறந்தவர். அவர் எங்களுடன் வர இசைந்தது, வண்டியின் எண் ‘கே.ஏ.’ என்று தொடங்குவதை இருமுறை வாசலில் இறங்கிப் பார்த்த பின்னரே.

நாங்கள் பகலிலேயே சென்றோம். 12-3-2023 அன்று திறக்கப்பெற்ற விரைவுச்சாலை ஏறக்குறைய 118 கிலோமீட்டர் நீளமுடையது. நடுவே ஆறு தடங்களும் இருமருங்கும் சேவைச் சாலைகளும் கொண்டது. கணங்கூரிலும் பிடதியை அடுத்த கணிமிணிகேயிலும் சுங்கம் உண்டு. 1-8-2023 முதல் இருசக்கர வாகனங்களும் ஆட்டோக்களும் டிராக்டர்களும் நடுச்சாலையில் செல்லத் தடை. ஸ்கூட்டரில் புறப்பட எண்ணும் இளைஞர்கள் இதனை மனத்திற் கொள்க. அவர்களுக்குரியது சேவைச் சாலையே.

இச்சாலைக்கு ஒரு குணம் உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணம், மண்டியா, மத்தூர், சென்னபட்டணம், ராமநகரம் ஆகிய ஊர்களை எல்லாம் அது சுற்றிக்கொண்டு ஓடிவிடும். விரைந்து போவோருக்கு அது வசதியே. பார்க்கப் போவோர் ஓரிடத்திலேனும் இறங்கிப் பழைய சாலையைப் பிடிக்க வேண்டும். அந்த ஓரிடம் மண்டியாவாக இருத்தல் நலம் என்பது எமது துணிபு. கிருஷ்ணராஜ சாகரத்தின் இடக்கரையில் பிறந்து, ஹுலிகெரே சுரங்கத்தின் வழியே மலையைக் குடைந்து வரும் விசுவேசுவரய்யா கால்வாய்தான் அப்பகுதியைக் கரும்பும் நெல்லும் விளையும் பூமியாக்கியது. அதற்கு முன்னர் அது வானம் பார்த்த பூமி. பத்திரிகைகளில் ‘மண்டியா’ என்றால் மறியலும் கொடும்பாவியும்தான் நமக்கு நினைவுக்கு வரும். கால்வாயோரம் நின்று பார்த்தால் வரப்பும் மடையும் சேறும் நம்மூரைப் போலவே இருக்கின்றன.

அங்கொரு தேநீர்க் கடையில், எங்கள் மூதாட்டியார் தஞ்சைப் பக்கத்தவர் என்று கேள்வியுற்ற கரும்பு விவசாயி ஒருவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “உங்கள் பக்கம் இந்த வருஷம் நடவு ஆயிற்றா, அம்மா?” என்று கன்னடத்தில் கேட்டார். பிள்ளைகள் மொழிபெயர்த்தனர். கடைமடைக்கு நீர் எப்போதும் பிந்தியே வரும் என்று அம்மையார் தமிழில் கூறினார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை போலும். தமது கால்வாயின் கடைசி மடையும் அப்படித்தான் என்று அவர் தலையசைத்தார். தேநீருக்கு நாங்கள் நீட்டிய பணத்தைக் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். கதைகளில் வருவதுபோல் ஒன்றும் நடந்துவிடவில்லை.

மத்தூரில் வடை தின்னாமல் போவது வழக்கமில்லை. அவ்வடை புகழடைந்தது ரயில் நிலையத்தில் என்பதை மட்டும் சொல்லி அப்பால் செல்கிறோம். சென்னபட்டணத்து மரப்பொம்மைகளுக்கு ஒரு மணி நேரமும், பிள்ளைகள் இருப்பின் இரண்டு மணி நேரமும் ஒதுக்குக. ராமநகரத்தில் பட்டுக்கூட்டுச் சந்தை உண்டு. விடியலில் சென்றால்தான் சுவை.

மாநகரை நெருங்கியதும் வண்டியை விட்டுவிடுதல் அறிவுடைமை. கெங்கேரிப் பக்கத்தில் நிறுத்துமிடம் ஒன்று கண்டு, மெட்ரோவின் ஊதா வழியில் ஏறிவிடுங்கள். செல்லகட்டாவிலிருந்து வெள்ளைவயல் எனும் ஒயிட்ஃபீல்டு வரை 9-10-2023 முதல் அது ஒரே தொடராக ஓடுகிறது. மோட்டாரில் அமர்ந்தபடியே பெங்களூரைப் பார்ப்போர் முன்னாற் செல்லும் வண்டியின் பின்புறத்தைத்தான் பார்க்க முடியும்.

மெஜஸ்டிக்கில் இறங்கியதும் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லலாம். அங்குள்ள பேருந்து நிலையம் முன்னாளில் தர்மாம்புதி என்னும் ஏரியாக இருந்த இடம். ஆறில்லாத இவ்வூர் ஏரிகளால் உயிர் வாழ்ந்தது. பின்னர் அவற்றுட் பலவற்றைத் தூர்த்து அவற்றின்மேல் குடியேறியது. மெக்சிகோ நகரமும் இவ்வாறே ஏரிப்படுகையில் எழுந்து, இன்று ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றி வரும் நீரை நம்பியிருக்கிறது. பெங்களூருக்கு வருவது காவிரி நீர். மளவள்ளி வட்டத்துத் தொரெகாடனஹள்ளியிலிருந்து, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு, 500 மீட்டர் அளவு உயரம் இறைத்து அனுப்புகின்றனர். முதற் கட்டம் 1974இல் முடிந்தது. ஐந்தாம் கட்டம் 16-10-2024 அன்று தொடங்கி வைக்கப்பட்டது.

உச்ச நீதிமன்றம் 16-2-2018 அன்று அளித்த தீர்ப்பில் தமிழகத்துக்குரிய 192 டி.எம்.சி. என்பது 177.25 ஆயிற்று. குறைந்த 14.75இல் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீர்த் தேவைக்கென்று கருதப்பட்டது. தஞ்சையில் அதனை இழப்பாக எண்ணுவோர் உளர். அந்நீரைப் பெங்களூரில் பருகுவோருள் இலட்சக்கணக்கில் நம் உறவினரும் உளர். இவ்விரண்டையும் ஒரே வீட்டின் உணவு மேசையில் வைத்துப் பேச வல்லவர்கள் நம்மைப் போன்ற புலம்பெயர்ந்த குடும்பத்தினரே. பேசுவதுதான் இல்லை.

அல்சூர் நிலையத்தில் இறங்கினால் சோமேசுவரர் கோயிலும் ஏரியும் நடக்கும் தொலைவில் உள்ளன. 1809இல் ஆங்கிலேயர் அமைத்த தண்டுப் பகுதி இதுவே. படையோடும் படைக்குப் பண்டம் விற்போரோடும் தமிழர் பெருவாரியாக வந்து குடியேறினர். நகரமும் தண்டும் வேறு வேறு ஊர்களாகவே நிர்வாகம் பெற்று, 1949இல்தான் ஒரே மாநகராட்சியாயின. ஏரிக்கரையருகே திருவள்ளுவர் சிலையைக் காணலாம். 1991 முதல் பதினெட்டு ஆண்டுகள் மூடிய திரைக்குள் நின்றவர் அவர். 9-8-2009 அன்று திரை விலகிற்று. நான்கு நாள் கழித்துக் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது.

மாலையில் நடை திறக்கும் வேளைக்கு தொம்மலூர் சென்று சேருங்கள். அங்குள்ள சொக்கநாதசுவாமி கோயிலைப் பெயர் கேட்டுச் சிவன் கோயில் என்று எண்ணிவிட வேண்டா, உள்ளிருப்பவர் பெருமாள். கோயிற் கற்களில் தமிழ்க் கல்வெட்டுக்கள் உள்ளன. 1270ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, அழகியார் என்பவர் இரண்டு கதவு நிலைகள் அளித்ததைக் கூறுகிறது. பிறிதொன்று, தலைக்காட்டு என்பவரும் அவர் மனைவியும் நிலம் வழங்கியதைச் சொல்கிறது. இன்னொன்று 1290ஐ ஒட்டியது. போசள வீர ராமநாதன் ஊர் வருவாயிலிருந்து அளித்த கொடை. போசளர் கன்னட மரபினர். அம்மரபின் ராமநாதன் அரசிருந்ததோ ஸ்ரீரங்கத்தை அடுத்த கண்ணனூரில். கன்னட மரபில் வந்து தமிழ்நாட்டிலிருந்து ஆண்ட அரசன், இன்றைய பெங்களூரின் நடுவிலுள்ள கோயிலுக்குத் தமிழில் கொடை எழுதினான். கெம்பெகௌடர் 1537இல் நகரைத் தோற்றுவிப்பதற்கு இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் முந்திய செய்தி இது. இதனைக் கொண்டு இவ்வூர் எங்களது என்று ஒருவர் முழங்கினால் அது பேதைமை. வந்தேறிகள் என்று நம்மை ஒருவர் ஏசினால் அதுவும் அத்தகையதே.

அன்று வழியெல்லாம் கன்னடப் பலகைகளைப் பிள்ளைகள் படித்துச் சொல்ல, முதியோர் கேட்டு வந்தனர். தொம்மலூரில் முறை மாறிற்று. கல்லில் விரல் வைத்து ‘ப’, ‘ம’, ‘ட’ எனச் சில எழுத்துக்களை எங்கள் மூதாட்டியார் ஒவ்வொன்றாக இனங்கண்டார். பிள்ளைகள் கைப்பேசி விளக்கைப் பிடித்தனர். அர்ச்சகர் நடை சாத்தும் நேரமாயிற்று என்று இருமுறை நினைவூட்டும்படி ஆயிற்று.

அடுத்த திங்கள், 2001இல் சுரங்கம் மூடப்பெற்ற கோலார் தங்கவயலுக்குச் செல்லும் சாலையைக் குறித்து எழுதுவோம். அங்கே பிறந்து வளர்ந்த அன்பர்கள் நம் வாசகருள் உளரெனில், தம் நினைவுகளை இருபதாம் தேதிக்குள் சங்கத்துக்கு எழுதியனுப்புக.