முகத்துவாரம் மூடினால் கிருமிக்குக் கொண்டாட்டம்!

சாயங்காலம் ஆபீஸ் விட்டு பாரிமுனையில் பஸ் ஏறி வீட்டுக்குப் போகிறவர்களுக்கு, நேப்பியர் பாலம் வந்துவிட்டது என்று கண்டக்டர் சொல்ல வேண்டியதில்லை. தூங்கி வழிகிறவரும் எழுந்துவிடுவார். மூக்கு எழுப்பிவிடும்!

"என்ன சார் இது, நாத்தம் தாங்கலையே!" என்று ஒருவர் கைக்குட்டையை எடுப்பார்.

"கூவம் சார். இன்னைக்கு நேத்தா நாறுது?" என்பார் பக்கத்து சீட்டுக்காரர்.

பஸ் பாலத்தைத் தாண்டும். கைக்குட்டை பாக்கெட்டுக்குள் போகும். பேச்சும் அத்தோடு முடிந்துவிடும்.

2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது இந்தப் பாலத்துக்குக் கறுப்பு, வெள்ளைக் கட்டம் கட்டமாகப் பெயின்ட் அடித்தார்கள். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பாலத்துக்கு இரண்டு நிறம். கீழே கிடக்கும் தண்ணீருக்கு மட்டும் ஒரே நிறம். கறுப்பு!

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லா நாளும் ஒரே மாதிரி நாறுவதில்லை. சில நாள் அவ்வளவாகத் தெரியாது. சில நாள் குடலைப் பிடுங்கும். சாக்கடை தினமும் வருகிறது. நாற்றம் மட்டும் ஏன் கூடிக் குறைகிறது?

அதற்கான பதில் தெரிந்தால், மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் பெசன்ட் நகரிலும் எந்த நாளில் கடலில் இறங்கலாம், எந்த நாளில் இறங்கக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

மூச்சு முட்டும் ஆறு

ஆறு கடலில் சேரும் இடம்தான் முகத்துவாரம். கூவத்துக்கு நேப்பியர் பாலத்துக்குக் கிழக்கே. அடையாறுக்கு சீனிவாசபுரம் குப்பத்துக்கும் உடைந்த பாலத்துக்கும் பக்கத்தில். கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே வரும். இறங்கும்போது அழுக்குத் தண்ணீர் வெளியே போகும். உள்ளே வரும் கடல் நீர் பிராணவாயுவையும் கொண்டு வரும்.

ஆற்றில் விழும் அழுக்கைத் தின்று செரிக்கிற வேலையைச் செய்வது பாக்டீரியா என்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். அவற்றில் பெரும்பாலானவை சாதுதான். ஆனால் அழுக்கைத் தின்ன அவற்றுக்கும் பிராணவாயு வேண்டும். சாக்கடை அளவோடு வந்தால் சமாளித்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரில் உள்ள பிராணவாயு முழுவதையும் தின்று தீர்த்துவிடும்.

வெயில் காலத்தில் இது இன்னும் மோசம். 20 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைப் பிடித்து வைக்கும். 30 டிகிரி ஆனால் ஏழரைதான். சூடு ஏற ஏற இருப்பு குறைகிறது. தின்கிற வேகமோ கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடினால் கடை என்ன ஆகும்? அதே கதிதான் ஆற்றுக்கும்!

பிராணவாயு தீர்ந்ததும் வேறொரு கூட்டம் கடையைத் திறக்கிறது. பிராணவாயு இல்லாமலே வாழும் பாக்டீரியா இது. கடல் நீரில் இருக்கும் சல்பேட் என்கிற உப்பை வைத்து மூச்சு விடும். அப்போது வெளியே விடுவதுதான் அழுகிய முட்டை நாற்றம். வெள்ளிக் கொலுசைக் கருக்கவைக்கும் வாயுவும் இதுதான். அடியில் உள்ள சேற்றை மைபோல் கறுப்பாக்குவதும் இதுதான். சாக்கடையும் கடல் உப்பும் ஒரே இடத்தில் சேர்வதால்தான் முகத்துவாரத்தில் இந்த நாற்றம் இவ்வளவு தூக்கலாக இருக்கிறது.

மணல் போடும் பூட்டு

நம் ஊர்க் கடலில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். அந்தச் சின்னத் தள்ளலுக்கு ஆற்று வாயைத் திறந்து வைக்கும் பலம் போதாது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் கடலோர மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களில் துறைமுகச் சுவர் எழும்பத் தொடங்கியதும் அந்த மணல் அதன் தெற்கே தங்கிவிட்டது. அகலமான மெரினா மணல்வெளி கிடைத்தது அப்படித்தான். அதே மணல்தான் கூவத்தின் வாயையும் அடைக்கிறது.

பொக்லைன் வைத்து வெட்டுகிறார்கள். கொஞ்ச நாள் திறந்திருக்கும். மறுபடி மணல் மூடும். மறுபடி வெட்டுவார்கள்.

குப்பத்துப் பெரியவர்களைக் கேட்டால் எந்தப் புத்தகமும் பார்க்காமல் சொல்வார்கள்: "ஆத்து வாய் தொறந்தா மீனு வரும். மூடினா நாத்தம் வரும்."

விஞ்ஞானம் சொல்வதும் அதேதான். மனிதக் குடலிலிருந்து வரும் கிருமிக்கு உப்பு ஆகாது. வெயிலும் ஆகாது. தெளிந்த கடல் நீரில், நல்ல வெயிலில், பத்தில் ஒன்பது பங்கு கிருமி சில மணி நேரத்தில் அழிந்துவிடும். ராத்திரியில் அதே வேலைக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகும்.

வாய் மூடிய ஆற்றில் உப்பு ஏறாது. தண்ணீர் கலங்கிக் கறுப்பாக இருப்பதால் வெயிலும் ஒரு சாணுக்குக் கீழே இறங்காது. போதாக்குறைக்கு அடியில் மெத்தை மாதிரி சேறு. மேல் தண்ணீரில் சில நாளில் சாகிற கிருமி, சேற்றுக்குள் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். யாராவது கலக்கிவிட்டால் மேலே வரும்.

மழை வந்தால்?

கலக்கிவிடுவது யார்? மழைதான்!

ஐப்பசியில் முதல் மழை கொட்டியதும் "அப்பாடா, கூவம் கழுவிவிடும்" என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். வெள்ளம் அழுக்கை அடித்துக்கொண்டு போகும் என்பது உண்மை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு அடித்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆனால் எங்கே கொண்டு போகும்? கடலுக்குத்தான். அந்தக் கடலில்தானே பிள்ளைகள் குளிக்கிறார்கள்?

முதல் மழையில் தெருக் குப்பை, மழைநீர்க் கால்வாயில் தேங்கிய சாக்கடை, ஆற்றடிச் சேறு எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். ஒரே நாளில் உப்பு குறையும். தண்ணீர் கலங்கும். மேகம் வெயிலை மறைக்கும். கிருமியைக் கொல்லும் இரண்டு காவல்காரர்களும் ஒரே சமயத்தில் லீவு போட்டுவிடுகிறார்கள்!

அந்த நாட்களில்தான் அடையாறு முகத்துவாரத்தில் மீன்கள் வெள்ளை வெளேரென்று செத்து மிதக்கும். "யாரோ விஷம் கலந்துட்டாங்க" என்று பேச்சு கிளம்பும். பல சமயம் விஷம் ஒன்றும் இல்லை. கிளறிவிட்ட அழுக்கை பாக்டீரியா தின்றதில் பிராணவாயு தீர்ந்து, மீன் மூச்சுத் திணறிச் செத்ததுதான்.

2019 டிசம்பரில் மழைக்குப் பின் கடற்கரையில் நுரை பொங்கியது ஞாபகம் இருக்கிறதா? சோப்புக் கழிவும் சாக்கடையும் சேர்ந்த நுரை அது. பிள்ளைகள் அதில் குதித்து விளையாடினார்கள். பெரியவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள்!

இன்னொரு சங்கதி. மற்ற மாதங்களில் வடக்கு நோக்கி ஓடும் கரையோர நீரோட்டம், மழைக் காலத்தில் தெற்கே திரும்பிவிடும். கூவத்தின் வாய் இருப்பது மெரினாவுக்கு வடக்கு மூலையில். அப்படியென்றால் கூவம் கக்குவது எந்தப் பக்கம் போகும்? மெரினா பக்கம்தான். அடையாறு கக்குவது? பெசன்ட் நகர் பக்கம்.

காலராவுக்கும் இங்கே வீடு உண்டு

குடல் கிருமி உப்புக்குப் பயப்படும். பயப்படாத கிருமியும் உண்டு. காலராக் கிருமிக்கு லேசான உப்பும் நல்ல சூடும் சேர்ந்த முகத்துவாரத் தண்ணீர்தான் சொந்த வீடு. கூனி இறாலைவிடப் பொடியான ஓட்டுப்பூச்சிகளின் மேல் ஒட்டிக்கொண்டு அது காலம் தள்ளும். வங்கதேசக் கிராமங்களில் பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடிகட்டச் சொன்னார்கள். பூச்சி சேலையில் தங்கியது. காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 2003-ல் வெளிவந்த ஆராய்ச்சி இது.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. 1992 கடைசியில் புது ரகக் காலரா ஒன்று கிளம்பியது. பழைய காலரா வந்து தேறியவர்களையும் அது விடவில்லை. 139 என்று எண் போட்டார்கள். வங்கக் கடலோரமாகப் பரவியதால் 'பெங்கால்' என்று பெயரும் வைத்தார்கள். அது முதலில் தலைகாட்டிய ஊர்களில் ஒன்று இதே சென்னைதான்! சில மாதங்களில் கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் எட்டிவிட்டது.

இதற்காக மீனைக் கண்டு பயப்பட வேண்டாம். நம் வீட்டு மீன் குழம்பு கொதிக்கிற கொதியில் எந்தக் கிருமியும் நிற்காது. பயப்பட வேண்டியது, வாயில் போகிற கடல் தண்ணீருக்கும் காலில் உள்ள வெட்டுக்காயத்துக்கும்தான்.

எண்ணிச் சொல்வதற்குள்...

ஆற்றில் குளிக்க, 100 மில்லி தண்ணீரில் மலக் கிருமி 500-க்குள் இருப்பது நல்லது, 2,500-ஐத் தாண்டவே கூடாது என்று மத்திய அரசு அளவு வைத்திருக்கிறது. கடலில் குளிக்க இன்னும் கடுமை. 100-தான். அரை டம்ளர் தண்ணீருக்கு இந்தக் கணக்கு.

சரி, எண்ணிப் பார்த்துச் சொல்லட்டுமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். தண்ணீரை எடுத்துப் போய்க் கிருமியை வளர்த்து எண்ணக் குறைந்தது ஒரு நாள் ஆகும். சில முறைகளில் மூன்று நாள், நாலு நாள்கூட ஆகும். திங்கட்கிழமைத் தண்ணீருக்கு வியாழக்கிழமை பதில் வந்தால் யாருக்கு லாபம்? குளித்தவன் அதற்குள் படுக்கையில் கிடப்பான்!

எண்ண நேரம் ஆகும். மழையைப் பார்க்க நேரம் ஆகாது. ஆற்று வாய் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதைப் பார்க்கவும் கண் போதும்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் இதைத்தான் செய்கிறார்கள். மழை பெய்தால் சோதனை முடிவுக்குக் காத்திருப்பதில்லை. ஆற்று வாய்க்கும் மழைநீர்க் கால்வாய் வாய்க்கும் பக்கத்தில் 72 மணி நேரம் கடலில் இறங்காதீர்கள் என்று அறிவித்துவிடுகிறார்கள்.

இங்கே ஏன் முடியாது? ஒரு பலகை. ஒரு சிவப்புக் கொடி. பலத்த மழை பெய்தால் மூன்று நாள் கொடி பறக்கட்டும். முகத்துவார மணலை வெட்டித் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடும் நாளிலும் பறக்கட்டும். மெரினாவில் "குளிப்பது ஆபத்து" என்று அலைக்குப் பலகை வைக்கத் தெரிந்தவர்கள், கிருமிக்கும் ஒன்று வைக்கட்டும். மகாளய அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் தர்ப்பணம் செய்து கடலில் முழுக வருகிற ஜனங்களுக்கு, முதல் நாளே தகவல் சொல்லட்டும்.

"கொடி பறந்தா வியாபாரம் படுத்துடுமே!" என்று சுண்டல் கடைக்காரர் கேட்கலாம். மணலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட யாரும் தடை சொல்லவில்லை. தண்ணீரில் இறங்காதே என்றுதான் பேச்சு. அதுவும் மழைக்குப் பின் மூன்று நாள். அந்த நாளில் கூட்டமும் குறைவுதான்.

"முதல்ல சாக்கடையை நிறுத்துங்க சார்!" என்பவரும் உண்டு. அவர் கேட்பதுதான் நூற்றுக்கு நூறு நியாயம். கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி என்று சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அங்கே போகாமல் மழைநீர்க் கால்வாய் வழியாகத் திருட்டுத்தனமாக ஆற்றுக்கு வருகிறதே, அதை அடைக்காத வரை எத்தனை பொக்லைன் வந்தாலும் முகத்துவாரம் அழுக்கைக் கடலுக்குத் தள்ளும் வாசலாகத்தான் இருக்கும். இது வருஷக்கணக்கில் ஆகிற வேலை. பலகை வைப்பதோ ஒரே நாள் வேலை. பெரிய வேலை முடியும் வரை சின்ன வேலையைத் தள்ளிப்போடுவானேன்?

வள்ளல் பச்சையப்ப முதலியார் கூவத்தில் குளித்துவிட்டுத்தான் கோமளீஸ்வரன் பேட்டைக் கோயிலுக்குப் போவார் என்று சொல்வார்கள். 200 வருஷத்துக்கு முந்திய கதை. அந்தக் கூவம் திரும்பி வரும்போது வரட்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. அளக்காமல் போட்டாயிற்று. கடலில் இறங்குகிற பிள்ளைக்கு, இன்றைக்கு இறங்கலாமா கூடாதா என்றாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அடுத்த மழைக்கு முன்னால் அந்தக் கொடி வருமா?